இலங்கைப் பொலிஸாரும் தொழிற்சங்க உரிமையும்

இலங்கையில் பொலிஸ் உத்தியோகத்தர்கள் தொழிற்சங்கம் அமைக்கவோ அதில் சேரவோ முடியாது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம், ஆயுதப்படையினர், நீதித்துறை அலுவலர், சிறைச்சாலை உத்தியோகத்தர் ஆகியோருடன் பொலிஸாரையும் விலக்கி வைக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரஜைகளுக்குச் சங்க உரிமை தருகிறது. பொலிஸாருக்கு அதை மட்டுப்படுத்த 15(8) இடமளிக்கிறது.

பண்டாரவளை, பதுளை, பசறைத் தோட்டச் சங்கங்களும் இதே கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகின. தோட்டத் தொழிலாளருக்குச் சங்க உரிமை இலகுவில் கிட்டவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டுக்குத் தொழிலாளி கோவிந்தன் பலியானார். அவ்வாண்டு மே மாதம் போராட்டம் ஊவாவில் மூண்டது. பதுளையின் வேவெஸ்ஸ தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சி சார்ந்த சங்கத் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அதனுடன் கலந்துபேசிச் செயற்படத் தோட்டத் துரை இணங்கினார். அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். இன்று தோட்ட வேலைநிறுத்தத்தில் காவலுக்கு நிறுத்தப்படும் கொன்ஸ்டபிளுக்கு, எதிரே நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குள்ள உரிமை இல்லை.

பொலிஸாரின் பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றுக்காக 2001இல் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. அதன் முடிவுக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையை நாடலாம். 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் கடமை நேரமும் விடுமுறையும் தங்குமிடமும் எல்லோருக்கும் பொதுவான குறைகள். அவற்றுக்காக ஒவ்வொருவரும் தனித்தனியே மனுவோடு அலைவது நியாயமல்ல.

பொலிஸாருக்குச் சங்கம் என்றதும் பண்டாரவளை மக்களுக்கு ஓர் அச்சமும் இருக்கும். 2000 ஒக்டோபர் 25 அன்று அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டபோது பொலிஸார் அங்கேயே இருந்தனர். 2003இல் தண்டனை பெற்றவர்களில் பொலிஸாரும் அடங்கினர். 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றமிழைத்தவருக்கு அரணாகும் சங்கம் வேண்டவே வேண்டாம். ஒழுக்காற்று அதிகாரம் ஆணைக்குழுவிடமே இருக்க வேண்டும்.

வேலைநிறுத்த உரிமையின்றியும் சங்கம் இயங்கலாம். லண்டனில் 1918, 1919 பொலிஸ் வேலைநிறுத்தங்களுக்குப் பின் பிரித்தானிய நாடாளுமன்றம் தொழிற்சங்கத்தைத் தடைசெய்து, பொலிஸ் சம்மேளனத்தை உருவாக்கியது. தமிழ்நாட்டில் 1979இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் பொலிஸார் சங்கம் கோரிப் போராடினர். கேரளத்தில் அங்கீகாரம் பெற்ற சங்கம் இருக்கிறது.

இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழில் அமைப்பின் 87ஆவது சமவாயம், பொலிஸார் விடயத்தை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விடுகிறது. அரசியலமைப்பும் தடையை அனுமதிக்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. கட்டளைச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது.