பெயரற்ற குடியுரிமை: மெக்சிகோவில் ஆப்பிரிக்க மரபின் மறைவும் மீட்பும்

மெக்சிகோவின் பசிபிக் கரையில் கெரெரோ, ஒஹாகா மாநிலங்களை ஒட்டி நீள்கிறது கோஸ்தா சிக்கா. இப்பகுதியின் கறுப்பின மக்களைச் சொந்த நாட்டிலேயே குடியேற்ற அதிகாரிகள் வழிமறித்து, மெக்சிகோக்காரர் என்று மெய்ப்பிக்கத் தேசிய கீதத்தைப் பாடச் சொன்னது அண்மைக்கால வரலாறு. கையில் ஆவணம் இருந்தும் நம்பப்படாத இந்த அவலத்தின் வேர், சமத்துவத்தின் பெயரால் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட ஒரு முடிவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் சுமார் 2 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இங்கே கொண்டுவரப்பட்டனர்; பெரும்பாலோர் 1640க்கு முன்பே வந்து சேர்ந்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்களை முலாத்தோ, பார்தோ, மொரேனோ, லோபோ என்று பிரித்து எழுதியது ஆட்சி. ஒருவர் எந்தப் பிரிவில் எழுதப்பட்டார் என்பதைப் பொறுத்தே அவர் செலுத்தும் வரியும் ஏற்கக்கூடிய பதவியும் அமைந்தன. ஸ்பெயினின் 1812ஆம் ஆண்டுக் காதிஸ் அரசியல் சாசனம் இன்னும் கடுமையானது. பழங்குடியினருக்குக் குடியுரிமையை வழங்கிய அதே சாசனம், ஆப்பிரிக்க வழிவந்தோர் தனித் தகுதியைக் காட்டினாலன்றி அதைப் பெற முடியாது என்றது.

இந்தப் பின்னணியில்தான் விடுதலைப் போரைப் பார்க்க வேண்டும். விடுதலைக்கு வழிவகுத்த 1821இன் இகுவாலா திட்டம் எல்லோரையும் குடிமக்கள் என்று அறிவித்தது. 1822 செப்டம்பர் 17 அன்று, அரசு ஆவணமாயினும் தனியார் ஆவணமாயினும் குடிமக்களை அவர்களின் பூர்விகத்தால் வகைப்படுத்தக் கூடாது என்ற ஆணை பிறந்தது. ஆப்பிரிக்க மரபில் வந்த விசெந்தே கெரெரோ 1829இல் குடியரசுத் தலைவராகி, அடிமை முறையை ஒழித்தார். இழிவின் முத்திரையாக இருந்த பெயரை அழித்தது அன்றைக்கு உண்மையான வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் பெயரோடு நினைவும் போயிற்று. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்டது. பழங்குடியினர், கலப்பினத்தவர், வெள்ளையர் என்று இடம் ஒதுக்கியது. கறுப்பினத்தவருக்கென ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. 1925இல் வெளிவந்த சிந்தனையாளர் ஹோசே வாஸ்கோன்செலோஸின் ‘பிரபஞ்ச இனம்’ என்ற நூல் இனக் கலப்பையே தேசத்தின் பெருமையாக உயர்த்தியது. ஆப்பிரிக்கக் கூறு அந்தக் கலப்பில் கரைந்து மறைய வேண்டியதாகவே அதில் தென்பட்டது.

மானுடவியலாளர் கொன்சாலோ அகிர்ரே பெல்த்ரான்தான் இந்த மௌனத்தை முதலில் உடைத்தவர். ஆவணக் காப்பகங்களைத் துருவி 1946இல் மெக்சிகோவின் கறுப்பின மக்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். கெரெரோவின் குவாஹினிகுயிலாபாவில் களஆய்வு செய்து 1958இல் இன்னொரு நூலைத் தந்தார். வட்டவடிவ வீடுகள் போன்ற பழக்கங்களில் ஆப்பிரிக்கத் தடம் இருப்பதை அவர் பதிவுசெய்தார். நீத்தார் நாளையொட்டி ஆடப்படும் ‘பிசாசுகளின் நடனம்’ இன்றும் உயிரோடிருக்கிறது. கழுதையின் தாடையெலும்பு அதில் தாளக்கருவி. ஆடுபவர்களில் பலர் தம்மை ‘மொரேனோ’ என்றே சொல்லிக்கொள்வர். பழங்குடி இரத்தமும் கறுப்பின இரத்தமும் கலந்தவர்கள் என்ற தன்னுணர்வு அதில் உண்டு. ‘கறுப்பர்’ என்பதும் ‘மெக்சிகோக்காரர்’ என்பதும் தனித்தனியே அதைச் சொல்லிவிடாது.

அரசியல் மீட்சி கிராமத்திலிருந்து வந்தது. 1997இல் ஒஹாகாவின் எல் சிருவேலோவில், டிரினிடாடில் பிறந்த பாதிரியார் கிளின் ஜெமட்டின் முன்முயற்சியில் கறுப்பின ஊர்களின் முதல் கூட்டம் நடந்தது. தங்களைத் தேசம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. 2015இன் இடைக்காலக் கணக்கெடுப்பில் 13.8 லட்சம் பேர் ஆப்பிரிக்க மரபினராகத் தம்மைப் பதிந்தனர். 2019இல் அரசியல் சாசனத்தின் 2ஆம் பிரிவு அவர்களை ஏற்றது. 2020இல் எண்ணிக்கை 25.8 லட்சமாக, அதாவது மக்கள்தொகையில் 2 விழுக்காடாக, உயர்ந்தது. ஐந்தாண்டில் ஏற்பட்ட இந்த உயர்வைப் பிறப்பு விகிதத்தால் விளக்க முடியாது. தயங்கியவர்கள் சொல்லத் துணிந்தார்கள்.

2020இன் கேள்வி இனத்தையோ நிறத்தையோ கேட்கவில்லை. முன்னோரை வைத்தும் வழக்கங்கள், மரபுகளை வைத்தும் ஒருவர் தம்மை எப்படிக் கருதுகிறார் என்று கேட்டது. ஸ்பானிய ஆட்சி சூட்டிய பெயர்களைவிட இது நேர்மையானது. எனினும் தலைநகரைச் சூழ்ந்த மெக்சிகோ மாநிலத்தில் பதிந்தவர்கள் கெரெரோவில் பதிந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தனர். நடனமும் கடற்கரையும் எட்டாத அம்மாநில நகரங்களில் பிறந்த, கரையிலிருந்து குடிபெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகளிடம் மரபையும் சேர்த்து நிபந்தனையாக்குவது நியாயமில்லை. அடுத்த கணக்கெடுப்பில் முன்னோர் ஒன்றே போதும் என்று கேள்வியைத் திருத்த வேண்டும்.