மூடிய கதவும் கஞ்சித் தொட்டியும்

பஞ்சத்தைப் பேசும் தமிழ்க் கதைகளுள் நல்லதங்காள் கதைக்கு நிகராக ஊர்தோறும் பரவியது வேறில்லை எனலாம். மழை பொய்த்துச் சோறற்றுப்போன நாளில் ஏழு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதை பாழுங்கிணற்றில் முடிகிறது. கேட்பவர் நெஞ்சில் ஆறாமல் நிற்பது பசியைக் காட்டிலும் அந்தச் சாத்திய கதவுதான்.

பசித்தவருக்கு ஒருவேளைச் சோறிடுவதும் போக்கிடமற்றவருக்கு வீட்டைத் திறந்துவிடுவதும் ஒரே அறத்தின் அடுத்தடுத்த படிகள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அவற்றுக்கு இடையிலான தொலைவு பெரிது. சேலம், நாமக்கல் பகுதியின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் கதையை முன்வைத்து அந்தத் தொலைவை அளந்து பார்க்க விழைகிறோம்.

சோறிடும் அறம் நம்மிடையே தொன்மையானது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைவுகூரலாம். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன். வளர்த்த ஊராலும் துரத்தப்பட்டவன். மதுரை வந்து, அம்பலத்தில் படுத்து, இரந்து பெற்றதைக் குருடருக்கும் முடவருக்கும் ஆதரவற்றோருக்கும் ஊட்டுகிறான். அமுதசுரபி அவன் கைக்குத்தான் முதலில் வருகிறது. பின்னாளில் அதே பாத்திரத்தை ஏந்தும் மணிமேகலை பசி தீர்ப்பதோடு நிற்கவில்லை. அரசனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பாத்திரத்திலிருந்து கட்டடத்துக்கு அறம் நகரும் இந்த இடம் நம் கவனத்துக்குரியது. சத்திரங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் அந்த மரபில் வந்தவை. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. எனினும் சத்திரம் வழிப்போக்கனுக்கானது. உண்டு, உறங்கி, விடிந்ததும் அவன் போய்விட வேண்டும். போக வீடில்லாதவனைப் பற்றிச் சத்திரத்தின் விதிகள் பேசுவதில்லை.

அந்த வீடில்லாதவர்கள் லட்சக்கணக்கில் சாலைக்கு வந்த காலம் தாது வருஷப் பஞ்சம். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவையும் திருப்பத்தூரும் அன்று அதனுள் அடங்கியிருந்தன. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. எல்லோரும் இறந்தவர்கள் அல்லர். பலர் தோட்டங்களுக்கும் தூரதேசங்களுக்கும் பிழைக்கப் போனவர்கள். ஆனால் ஊரில் அவர்கள் விட்டுச்சென்ற இடம் வெறும் இடமாகவே கிடந்தது.

பஞ்சத்தில் வீடு எப்படி அழிகிறது என்பதை அக்காலப் பதிவுகளிலிருந்து அறிய முடிகிறது. வைக்கோல் தீர்ந்தபின் கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டார்கள். பின்னர் மாடும் செத்தது. உத்தரத்தையும் கதவையும் நிலையையும் விறகு விலைக்கு விற்றார்கள். பிறகு பாத்திரங்கள். எல்லாம் தீர்ந்தபின் சாலைக்கு வந்தார்கள். ஆக, கஞ்சித் தொட்டியின் முன் வரிசையில் நின்றவர் பலருக்குத் திரும்பிப் போக நான்கு மண்சுவர்களே எஞ்சியிருந்தன. சிறைக்குப் போனால் சோறு கிடைக்கும் என்று சிறு திருட்டுகள் செய்து பிடிபட்டவர்கள் உண்டு. மணிமேகலை சிறையை அறக்கோட்டமாக்கினாள். தாது வருஷத்து ஏழைகள் சிறையையே அறக்கோட்டமாகக் கருத நேர்ந்தது.

அரசு செய்த உதவி கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். உடலுழைப்புக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் கூலி சற்று உயர்த்தப்பட்டது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது.

1877 ஆகஸ்டில் சென்னையில் ஆளுநர் பக்கிங்காம் தலைமையில் நடந்த பொதுக்கூட்டம் இங்கிலாந்தின் கதவைத் தட்டியது. லண்டனில் திரட்டப்பட்ட மேன்ஷன் ஹவுஸ் நிதி ஐந்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. லங்காஷயர் ஆலை நகரங்களிலிருந்தும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும் பணம் வந்தது. எந்த லங்காஷயர் துணி நம் கைத்தறி நெசவாளரின் வயிற்றில் அடித்ததோ, அந்த ஊர்க்காரர்களே கொடுத்தவர்களுள் இருந்தார்கள். இந்த நிதி செலவிடப்பட்ட விதம் நம் பேசுபொருளுக்கு முக்கியமானது. உயிரைக் காப்பது அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் உள்ளதே கொடையின் பொறுப்பு என்று ஒரு பிரிவினை உருவானது. கூரை வேய, விதை வாங்க, உழவுமாடு வாங்க, அனாதைக் குழந்தைகளைப் பேண என்று நிதி போயிற்று. உள்ளூர்க் குழுக்களில் அதிகாரிகளோடும் ஊர்ப் பெரியவர்களோடும் மிஷனரிகளும் அமர்ந்திருந்தனர். இதே காலத்தில் மாயூரத்தில் முன்னாள் முன்சீப் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டிகள் நடத்தினார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய அந்தக் கத்தோலிக்கரைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறித்தவர் ஒருவரின் ஈகையைப் பாடியதில் அன்று எவரும் வியப்படைந்ததாகத் தெரியவில்லை.

சேலத்தில் திருச்சபைப் பணி பஞ்சத்தோடு தொடங்கியதன்று. லண்டன் மிஷனரி சங்கம் 1827இலேயே இங்கு வந்துவிட்டது. 1840இல் வந்த ஜெர்மானியரான லெக்லர் சிறுவர்களுக்குக் கைத்தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சோறு போட்டால் நாளையும் வருவான், தொழில் கற்றால் நாளை வர வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை. பஞ்சத்துக்குப்பின் மாகாணமெங்கும் பெற்றோரை இழந்த குழந்தைகள் மிஷன் விடுதிகளுக்குப் போனார்கள். சத்திரத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. விடிந்தபின்னும் அங்கேயே இருக்கலாம்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்துக்கு நாம் நாமக்கல்லுக்கு அருகே, கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்துக்குப் போக வேண்டும். வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நமக்குத் தந்த மலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமவெளிக்காரர்கள் மலேரியாவுக்கு அஞ்சி ஏறத் தயங்கிய மலையாக இருந்தது. 1907இல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராக வந்த ஜெஸ்ஸி பிராண்டு கட்டடத் தொழில் அறிந்தவர். மருத்துவத்தில் குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்றவர். 1913இல் அவர் மணந்த எவலின் லண்டனின் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். இருவரும் மலைமேல் மரவீட்டில் குடியேறினர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். தச்சும் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்பித்தார்கள். ஆனால் பல ஆண்டுகள் அவர்கள் சபையில் மலைவாசி ஒருவரும் சேரவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி.

முதல் உலகப்போரின் இறுதியில் வந்த விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. காய்ச்சல் கண்ட வீடுகளை விட்டு அயலார் விலகினர். பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாக எடுத்துச்சென்றனர். அந்தப் பூசாரியும் படுத்தார். சாகும் தறுவாயில் அவர் ஜெஸ்ஸியை அழைத்துத் தம் பெண்குழந்தையை ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டனர். விவிலியத்தில் ரூத்தின் கதையும் பஞ்சத்தில்தான் தொடங்குகிறது. அதுவும் வேற்றூரில் வந்து கதிர் பொறுக்கிப் பிழைத்த பெண் ஒருத்திக்கு வீடு கிடைத்த கதை. ரூத்துக்குப்பின் கைவிடப்பட்ட குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. மரவீட்டைச் சுற்றி ஒரு குழந்தைகள் இல்லம் உருவாயிற்று.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. மதம் மாற்றுவதற்காகச் செய்யப்படும் உதவி ஈகையாகுமா? புறநானூற்றில் வள்ளல் ஆயைப் பாடும் புலவர், மறுமைப் பயனை எதிர்பார்த்து அறம் செய்பவனை வணிகனாகவே காண்கிறார். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் மிஷனரிகள் பலர் தேற மாட்டார்கள். பஞ்சகாலத்தில் கஞ்சிக்காக ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற ஏளனம் அன்றே இருந்தது. அதில் உண்மையும் இருந்தது. சமய நோக்கத்தைப் பிராண்டு தம்பதியர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அந்தப் பூசாரியின் இறுதித் தேர்வை நாம் அவர் இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தம் தெய்வத்துக்கு எதிரி என்று தாமே அறிவித்த மனிதரிடம் அவர் குழந்தையைக் கொடுத்தார். வேறெந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. வந்தவர்களின் நோக்கத்தைப் பற்றி நாம் எழுப்பும் கேள்வி, அந்தக் கதவுகளை மூடிவைத்திருந்த நம்மவரைப் பற்றிய கேள்வியையும் உடன் அழைத்து வருகிறது.

1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவலின் போகவில்லை. 1947இல், அறுபத்தெட்டு வயதானவரை இனிப் பணியில் வைத்திருக்க முடியாது என்று மிஷன் கருதியது. ஓய்வை ஏற்றுக்கொண்ட அவர் மலைக்கே திரும்பிவிட்டார். அமைப்பின் நிதியின்றி, தமக்குக் கிடைத்த சிறு வருவாயிலும் நண்பர்களின் உதவியிலும் பணி தொடர்ந்தது. மட்டக் குதிரையிலும், இடுப்பெலும்பு முறிந்தபின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் கல்வராயன் மலைவரை சென்றார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்டு பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்தியவர். சீரான கைகளோடு ஊர் திரும்பியவர்கள் மீண்டும் அவரிடமே வந்தார்கள். வீட்டில் சேர்க்கவில்லை, வேலை தரவில்லை, கை நேராகிவிட்டதால் பிச்சையும் கிடைக்கவில்லை என்றார்கள். அன்றுதான் மருத்துவத்தின் எல்லை அவருக்குப் புரிந்தது. 1951இல் கல்லூரி வளாகத்தில் எளிய குடிசைகளாகப் புதுவாழ்வு மையம் எழுந்தது. முதிய மிஷன் ஊழியர் ஒருவர் தந்த சேமிப்பே அதற்கு முதலாயிற்று. குணமானவர்கள் அங்கே தங்கி மரப்பொம்மைகள் செய்யக் கற்றார்கள். தந்தையின் தச்சுப்பட்டறை மகனிடம் இப்படி மறுபிறவி எடுத்தது.

இத்தகைய இல்லங்களைக் கடல் கடந்து வந்த பணம் மட்டுமே நடத்தியது என்று நினைப்பது பிழை. தென்மாவட்டத் திருச்சபைகளில் ஒவ்வொரு வேளையும் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகையில் நெல்லும் கோழியும் பூசணியும் காணிக்கையாக வந்து ஏலத்தில் பணமாகும். காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி வகுத்த பிடி அரிசித் திட்டமும் இதே கையளவைக் கொண்டது. மிசோரத்தின் மலைச்சபைகளிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பிடி அரிசி கொடுப்பவர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அதில் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்ட இயலாது. பஞ்சநிதி ஒருமுறை வந்து தீர்ந்தது. பிடி அரிசி நாள்தோறும் வந்தது. ஒரு வீட்டை நடத்துவதற்கு நாள்தோறும் வருவதே தேவை.

பின்னாளில் அரசும் இந்தக் கதவுக்கு வந்து சேர்ந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்ட இடம் சேலம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை இங்கே விட்டுச்செல் என்று அரசே தொட்டிலை வைக்க நேர்ந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம், நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், நாள்முழுதும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று ஆணையிட்டது. 2011 கணக்கெடுப்பு நாட்டில் வீடற்றோரை 17.7 லட்சத்துக்கு மேல் என எண்ணியது. சாலையோரம் உறங்குபவரை எண்ணுவது எளிதன்று என்பதால் உண்மை இதனினும் கூடுதலாகவே இருக்கும்.

பண்டிகை நாட்களில் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் பொட்டலம் கொடுக்க நம்மில் பலர் போகிறோம். வாங்குபவரின் பெயரைக் கேட்பதில்லை. நேற்று எங்கே உறங்கினார் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் பொறுப்பும் வரும் என்பதை நாம் அறிவோம். கொல்லிமலைப் பூசாரியின் குடிசைக்குக் கஞ்சியோடு போனவர்கள் குழந்தையோடு திரும்பினார்கள். கஞ்சி கொடுக்கப் போகும் எவருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. மூளி அலங்காரியை இத்தனை தலைமுறையாகத் திட்டித் தீர்த்துவிட்டோம். அவள் வீட்டுக் கதவின் இந்தப் பக்கம் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதுதான் கேட்கப்படாமல் இருக்கிறது.