திறந்த மூல மென்பொருளுக்கு ரொக்கச் சன்மானம்: பயனும் வரம்பும்

வங்கிச் சேவை முதல் கைப்பேசிச் செயலிகள் வரை பெரும்பாலான இணையச் சேவைகள் திறந்த மூல மென்பொருள்களைச் சார்ந்தே இயங்குகின்றன. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால், அவற்றைப் பராமரிப்போரில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அந்த உழைப்புக்குப் பணம் வழங்கும் வழிகளுள் ஒன்று, குறிப்பிட்ட பணிக்கு முன்கூட்டியே தொகை அறிவிக்கும் சன்மானத் திட்டம்.

இரு வகைகள்

முதல் வகை, பாதுகாப்புக் குறைபாட்டைக் கண்டறிவோருக்கு வழங்கப்படுவது. மோசில்லா அறக்கட்டளை 2004-ஆம் ஆண்டில், தீவிரக் குறைபாடு ஒன்றுக்கு 500 டாலர் என அறிவித்தது. இரண்டாவது வகை, புதிய வசதியைச் சேர்ப்பதற்கோ, நீண்டகாலப் பிழையைச் சரிசெய்வதற்கோ பயனர்கள் தொகை திரட்டி அறிவிப்பது.

அரசுகளின் முயற்சி

கரோனா காலத்தில் ஆரோக்ய சேது செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பு மூலநிரலை மத்திய அரசு 2020 மே 26-ஆம் தேதி வெளியிட்டது. பாதுகாப்புக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டுவோருக்கு மட்டுமன்றி, நிரலை மேம்படுத்தும் யோசனைகளுக்கும் ரூ.1 லட்சம் வரை வெகுமதி அறிவிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஆணையம் 2019-இல் விஎல்சி, கீபாஸ், 7-ஜிப் உள்ளிட்ட மென்பொருள்களுக்குச் சன்மானம் அறிவித்தது. குறைபாட்டுடன் தீர்வையும் அளிப்போருக்கு 20 சதவீதம் கூடுதல் தொகையும் அறிவிக்கப்பட்டது. அதன் பயனாக, அதே ஆண்டு ஜூனில் வெளியான விஎல்சி 3.0.7 பதிப்பில் ஏராளமான பாதுகாப்புக் குறைபாடுகள் களையப்பட்டன.

சிக்கல்கள்

தொகையைத் திரட்டும் இடைத்தளங்கள் மீதான நம்பிக்கை முதல் சிக்கல். ஈராண்டுகளில் தீர்வு காணப்படாத பணிகளுக்கான தொகையைத் தானே வைத்துக்கொள்ளும் வகையில் பவுண்டிசோர்ஸ் தளம் 2020-இல் விதிமுறையை மாற்றியது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் பின்வாங்கியது.

பணத்தை மட்டும் குறிவைக்கும் தரமற்ற புகார்கள் மற்றொரு சிக்கல். செயற்கை நுண்ணறிவு கொண்டு தயாரிக்கப்பட்ட போலிப் புகார்கள் குவிந்ததால், 2019 முதல் நடத்திவந்த சன்மானத் திட்டத்தை கர்ல் மென்பொருள் குழு 2026 ஜனவரியுடன் முடித்துக்கொண்டது.

பராமரிப்புக்கு யார் பொறுப்பு?

சன்மானம் ஒரு பணிக்கான கூலியே; அன்றாடப் பராமரிப்புக்கான ஊதியம் அன்று. 2014-இல் ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்துவந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாகக் கிடைத்துவந்தது தெரியவந்தது. வருவோர் தரும் திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்கும் பொறுப்பும் அத்தகைய சிறு குழுக்களையே சேர்கிறது.

எனவே, நேரடி நிதியுதவியும் வலியுறுத்தப்படுகிறது. இந்தியாவின் ஜெரோதா நிறுவனம், உலகெங்கும் உள்ள திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தை 2024 அக்டோபரில் தொடங்கியது.