காய்ச்சல் வந்தால் மட்டும் இசையமைத்தவர்: போரோடினும் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லும்

“பாட்டு, படம் கீறுறது எல்லாம் நல்லதுதான், ஆனா முதல்ல படிப்பு.” ஏ.எல். படிக்கிற காலத்தில இந்த வசனத்தைக் கேட்காத ஆக்கள் எங்களில குறைவு. 1850களில் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் ஒரு இரசாயனவியல் பேராசிரியரும் கிட்டத்தட்ட இதையேதான் தன்னுடைய கெட்டிக்கார மாணவனிடம் சொன்னார். பேராசிரியரின் பெயர் நிக்கொலாய் ஸினின். பாட்டு எழுதுவதைக் கொஞ்சம் குறை, ஒரே நேரத்தில் இரண்டு முயல்களைத் துரத்த ஏலாது என்பது அவருடைய புத்திமதி. மாணவனின் பெயர் அலெக்சாண்டர் போரோடின். அவர் கடைசிவரை இரண்டு முயல்களையும் விடவில்லை.

போரோடினை ‘ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர்’ என்று சொல்வதுண்டு. அதைக் கேட்டால் வார இறுதியில ஆறுதலாக இருந்து பியானோ வாசிச்ச ஒரு மனுசன்தான் மனதில் வருவார். அவருடைய உண்மையான நாட்கள் அப்படி இருக்கவில்லை.

1833இல் பிறந்தவர். தகப்பன் ஜோர்ஜியப் பிரபு வம்சத்தவர், தாய் அவரைத் திருமணம் செய்யாத இளம்பெண். ஆகவே பிள்ளையை அந்தப் பிரபுவின் பண்ணையடிமை ஒருவருடைய மகனாகப் பதிந்தார்கள். போரோடின் என்ற பெயரே அந்த அடிமையுடைய பெயர்தான். சட்டப்படி பார்த்தால் சொந்தத் தகப்பனுக்கே அடிமையாகப் பிறந்த பிள்ளை. சின்ன வயதிலேயே விடுதலை கிடைத்தது. தாய் வசதியாக வளர்த்தார், வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தார்கள். புல்லாங்குழல், பியானோ, செலோ எல்லாம் பழகினார். ஒன்பது வயதில் ஒரு நடன இசை எழுதினார். அதே வீட்டில் இரசாயனப் பரிசோதனையும் நடந்தது, வாணவெடியும் செய்து பார்த்தார். அந்தப் பொடியனுக்கு இரண்டும் ஒரே விளையாட்டுத்தான்.

1850இல் மருத்துவ-சத்திரசிகிச்சை அக்கடமியில் சேர்ந்தார். 1856இல் இராணுவ வைத்தியசாலையில் கடமையில் இருந்தபோது ஒரு பதினேழு வயது இராணுவ அதிகாரியைச் சந்தித்தார். அந்தப் பொடியன்தான் மொடெஸ்ற் முசோர்க்ஸ்கி. 1862இல் ஐரோப்பாவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியதும் மிலி பலாகிரெவ் என்ற இசையமைப்பாளரின் வட்டத்துக்குள் வந்தார். அங்கே முசோர்க்ஸ்கியோடு சேசர் குய்யும் நிக்கொலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவும் இருந்தார்கள். இந்த ஐந்து பேரையும்தான் இசை வரலாறு ‘ஐவர்’ என்று சொல்கிறது.

இந்த ஐவரின் தொழில்களைப் பாருங்கள். குய் கோட்டை கட்டும் இராணுவப் பொறியியலாளர். முசோர்க்ஸ்கி இராணுவத்தை விட்டபிறகு அரச எழுதுவினைஞர். ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரி. போரோடின் இரசாயனவியலாளர். பலாகிரெவ் மட்டும்தான் இசையை நம்பி வாழ்ந்தவர். இத்தனை அமெச்சூர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தது எப்படி?

காரணம் அன்றைய ரஷ்ய சமூக அமைப்பு. பிரபு, குருமார், வணிகர், விவசாயி என்று ஒவ்வொருவருக்கும் சட்டத்தில் ஒரு படிநிலை இருந்தது. இசைக்கலைஞருக்கு அப்படியொரு இடம் இருக்கவில்லை. அன்ரன் ரூபின்ஸ்ரைன் அந்தக் காலத்தின் பெரிய பியானோ மேதை. ஒருமுறை தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, பதிவு எழுதுபவர் அவர் யார் என்று கேட்டார். கலைஞர் என்றார். அரங்கில் வேலையா, பாடசாலையில் படிப்பிக்கிறீரா என்று அடுத்த கேள்விகள் வந்தன. இரண்டும் இல்லை. கடைசியில், தகப்பன் இரண்டாம் நிலை வணிகர் என்று தெரிந்த பிறகுதான் எழுத ஒரு சொல் கிடைத்தது. நாடே அறிந்த கலைஞன், ஆனால் கொப்பியில் எழுத அவருக்கு ஒரு நிரல் இல்லை.

இதை மாற்றத்தான் ரூபின்ஸ்ரைன் 1859இல் ரஷ்ய இசைச் சங்கத்தையும் 1862இல் பீட்டர்ஸ்பேர்க் இசைக்கல்லூரியையும் தொடக்கினார். அமெச்சூர்கள் இசையைக் கெடுக்கிறார்கள் என்று 1861இல் கட்டுரையும் எழுதினார். பலாகிரெவ் கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. ஜேர்மன் பாணி இலக்கணம் எங்கட இசையைச் சாகடிக்கும் என்று சொல்லி, அதே 1862இல் கட்டணமில்லாத ஒரு இசைப்பள்ளியைத் தொடங்கினார்கள். அமெச்சூரா, தொழில்முறையா என்ற சண்டையில் ஆற்றலை விட அந்தஸ்தும் வருமானமும் தேசிய உணர்வும்தான் கூடுதலாகக் கலந்திருந்தன.

போரோடின் அந்தச் சண்டையில் பெரிதாக ஈடுபடவில்லை. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. 1864இல் அவர் பேராசிரியரானார். அக்கடமிக் கட்டிடத்திலேயே வீடு, பக்கத்திலேயே ஆய்வுகூடம். நண்பர்களோடு இசை பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார், திடீரென்று எழும்பி, ஆய்வுகூடத்தில் ஏதும் எரிகிறதா, கொதித்து வழிகிறதா என்று பார்க்க ஓடுவார். ஓடும்போது நடைபாதை முழுக்க விசித்திரமான சுரங்களைச் சத்தமாகப் பாடுவார். இதை எழுதி வைத்தவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ்.

அந்த வீட்டைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் பூனைகள் நடக்கும், தட்டுக்குள்ள மூக்கை விடும். உறவினர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். சுகமில்லாதவர்களும் அங்கேதான். யாராவது பக்கத்து அறையில் நித்திரை என்றால் போரோடின் பியானோவைத் தொடவே மாட்டார்.

மனைவி எகத்தரீனா நல்ல பியானோக் கலைஞர். 1861இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் சந்தித்தபோது, சோப்பினையும் ஷூமானையும் போரோடினுக்கு நெருக்கமாக்கியவர் அவர்தான். ஆனால் அவருக்குக் கடும் ஆஸ்துமா. பீட்டர்ஸ்பேர்க்கின் ஈரக் காற்று ஒத்துக்கொள்ளாமல் வருடத்தில் பல மாதம் மொஸ்கோவில் இருந்தார். 1881இல் எழுதிய இரண்டாவது நால்வாத்திய இசையைப் போரோடின் அவருக்குத்தான் சமர்ப்பித்தார். அவருடைய படைப்புகளில் இன்றைக்கு மிக அதிகமாக வாசிக்கப்படுபவற்றில் அதுவும் ஒன்று.

இந்த நெருக்கடிக்குள் இசைக்கு நேரம் எப்ப கிடைத்தது? கோடை விடுமுறையிலும், சுகமில்லாமல் போனாலும்தான். தடிமன் பிடித்து, விரிவுரை செய்ய ஏலாமல் வீட்டில இருந்தால் அன்றைக்கு இசையமைக்கலாம். அதனால் இசை நண்பர்கள் தனக்குச் சுகம் வேண்டுவதை விட்டிட்டு சுகவீனம் வரட்டும் என்று வாழ்த்துகிறார்கள் என்று அவரே ஒரு கடிதத்தில் பகிடியாக எழுதினார். அதே கடிதத்தில் மற்றவர்களுக்கு இசைதான் வாழ்க்கையின் வேலை, எனக்கோ அது இளைப்பாறல், என் உண்மையான வேலை விஞ்ஞானம் என்றும் சொல்கிறார்.

விளைவு எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. முதலாவது சிம்பனிக்கு ஐந்து வருடம், இரண்டாவதுக்கு ஏழு வருடம் மட்டில். ‘இளவரசன் இகோர்’ ஓபராவை 1869இல் தொடங்கி, பதினெட்டு வருடமாகியும் முடிக்கவில்லை. 1879இல் அதிலிருந்து நடனப் பகுதியை மேடையேற்ற அறிவித்தாயிற்று, ஆனால் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய பிரதி இல்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் லியாடொவும் வீட்டுக்கு வந்து, போரோடினோடு சேர்ந்து இரவிரவாகப் பென்சிலில் எழுதினார்கள். பென்சில் அழியாமலிருக்கப் போரோடின் தாள்களுக்கு ஜெலற்றின் திரவம் பூசி, உடுப்புக் காயப்போடுவது போலக் கயிற்றில் தொங்கவிட்டார். இரசாயனம் இசைக்கு உதவிய இரவு என்று அதைச் சொல்லலாம்.

இரசாயனவியலிலும் அவர் சும்மா ஆளில்லை. அல்டிகைட்டுகள் ஒன்றோடொன்று சேரும் அல்டோல் தாக்கத்தை 1872இல் கண்டறிந்தவர்களில் ஒருவர். சேதன இரசாயனம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தாக்கத்தைப் படிக்கிறார்கள்.

ஆனால் போரோடினின் நேரத்தைக் கூடுதலாக எடுத்தது இன்னொரு வேலை. இதைத்தான் இசை வரலாறுகள் இரண்டு வரியில் கடந்துபோகின்றன. அன்றைய ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. மருத்துவம் படிக்க விரும்பியவர்கள் சூரிச்சுக்குப் போனார்கள். 1872இல் பீட்டர்ஸ்பேர்க்கில் பெண்களுக்கான மருத்துவக் கற்கைநெறி தொடங்கியது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் போரோடினும் ஒருவர். அங்கே இரசாயனவியல் படிப்பித்தார், கூட்டங்களுக்குப் போனார், வசதியில்லாத மாணவிகளுக்குப் பணம் சேர்த்தார். இசை நண்பர்களுக்கு இது எரிச்சல். இந்தக் குழு வேலைகளை வேறு யாரும் செய்யலாமே, ‘இகோரை’ இவரைத் தவிர யார் எழுதுவது என்று ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஆதங்கப்பட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1887 பெப்ரவரி 27 அன்று, அக்கடமிப் பேராசிரியர்களின் மாறுவேட விருந்தில் கதைத்துக்கொண்டு நின்ற போரோடின் அப்படியே விழுந்து இறந்தார். வயது 53. எகத்தரீனா அப்போது மொஸ்கோவில் இருந்தார், சில மாதங்களில் அவரும் போய்விட்டார். ஓபராவை ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முடித்தார்கள், 1890இல் மேடையேறியது. போரோடின் மனதில் வைத்திருந்த ‘இகோர்’ எப்படி இருந்திருக்கும் என்பது அவரோடு போனது. அது ஒரு இழப்புத்தான்.

ஆனாலும் மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1882இல் அரசாங்கம் அந்தக் கற்கைநெறிக்குப் புதிய மாணவிகளை எடுப்பதை நிறுத்தியது. அதற்கிடையில் படித்துவிட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் வைத்தியர்களானார்கள். போரோடினுக்கு வெள்ளி மலர்வளையம் வைத்து நன்றி சொன்னவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவருடைய இசைக்கு 1954இல் அமெரிக்காவில் ரோனி விருதும் கிடைத்தது. அவருடைய மெட்டுகளை வைத்துச் செய்த ‘கிஸ்மெற்’ என்ற இசைநாடகத்துக்காக, இறந்து 67 வருடம் கழித்து.

போரோடினின் கதையை ‘நேரத்தைத் திட்டமிட்டால் எல்லாம் செய்யலாம்’ என்று சொல்லும் ஊக்கப் பேச்சாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. அவரால் எல்லாம் செய்ய ஏலவில்லை, செய்ததெல்லாம் அரைகுறை நேரத்தில் செய்தது. அவருக்கு அரச வீடும் சம்பளமும் இருந்தது, இரவிரவாக இருந்து எழுத நண்பர்கள் இருந்தார்கள், கற்றுத்தர எகத்தரீனா இருந்தார். இவ்வளவும் இருந்தும் நேரம் காணாது. ஒரு வேலையும் இல்லாமல், ஒரு அறையும் இல்லாமல் எழுதவும் வாசிக்கவும் முயலுகிற ஆக்களிடம் ‘பொழுதுபோக்குத்தானே’ என்று லேசாகச் சொல்லும்போது நாங்கள் மறப்பது இதைத்தான். பொழுது தானாகக் கிடைக்காது. போரோடினுக்கு அது கிடைக்கக் காய்ச்சல் வரவேண்டியிருந்தது.