பொட்டலத்துக்குப் பெயர் வந்த கதை

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு வியாபாரம் பற்றி அறிவுரை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயர்ப்பலகை எப்படி இருக்க வேண்டும், எதில் எவ்வளவு செலவு செய்து விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று பேச்சு போகும். தமிழ்நாட்டின் வணிக வரலாறு வேறொரு வரிசையைக் காட்டுகிறது. கொஞ்சம் முதலோடு தொடங்கிப் பெரிய நிறுவனங்களுக்கு எதிரே நின்று ஜெயித்தவர்கள் முதலில் கேட்டது, வாங்குகிறவர் கையில் இன்றைக்கு எவ்வளவு காசு இருக்கிறது என்பதை. அடுத்து, நம் சரக்கை அவர் எதை வைத்து நம்புவார் என்பதை. அதற்கடுத்து, அவர் மறுபடியும் ஏன் நம்மிடம் வர வேண்டும் என்பதை. இந்த மூன்றுக்கும் விடை கண்ட பிறகுதான் விளம்பரத்துக்குப் பணம் போட்டார்கள். இதற்கு நல்ல சான்று கடலூரில் பிறந்த ஷாம்பு பாக்கெட். அதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பிருந்த பெட்டிக்கடையையும் பொட்டலத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

அன்றாடம் கூலி வாங்குகிற குடும்பம் மாதச் சாமான் வாங்காது. சாயங்காலம் கூலி கைக்கு வந்ததும் அன்றைய உலைக்கு வேண்டியதை வாங்கும். அந்த வரும்படிக்கு ஏற்றபடிதான் நம் ஊர்ச் சில்லறை வியாபாரம் அமைந்தது. மூட்டையாகவும் டின்னாகவும் வந்து இறங்கியதைக் கடைக்காரர் கையளவாகப் பிரித்தார். பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, சீரகமோ காப்பித்தூளோ போட்டு, வாயை மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து இழுத்து நாலு சுற்றுச் சுற்றி அறுத்துக் கொடுத்தார். எண்ணெய்க்கு வீட்டிலிருந்தே கிண்ணம் வரும். காசு இல்லாத நாளில் பற்று நோட்டில் எழுதிக்கொள்வார். கடைக்கு வந்த பிள்ளையின் கையில் கொசுறாக ஒரு வெல்லத்துண்டு வைப்பார். வசதிக்கேற்ற அளவு, கடன், கொசுறு என்று வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வித்தை முழுவதும் அவரிடம் இருந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டில் நம்பிக்கையும் கடைக்காரர் பெயரிலேயே நின்றுவிட்டது. சரக்கைச் செய்தவர் யார் என்று பொட்டலம் சொல்லாது. சுத்தமாகச் செய்தவருக்கும் கலப்படம் செய்தவருக்கும் ஒரே காகிதம்தான். பெயர் தாங்கிய சரக்கு புட்டியிலும் டின்னிலும் வந்தது. மாதச் சம்பளக்காரர்கள் அதை வாங்கினார்கள். சின்ன முதலாளி ஒருவர் தன் பெயரைக் கூலிக்காரர் வீடுவரை கொண்டுபோக வழியே இல்லாமல் இருந்தது.

அந்த வழியைத் திறந்தவர்களில் சிவகாசிக்காரர்கள் முக்கியமானவர்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊருக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். அதே 1923-இல்தான் சுவீடன் நாட்டு நிறுவனத்தின் பின்பலத்தோடு விம்கோ என்ற தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் கால்வைத்தது. ஒரு பக்கம் இயந்திரம், மறு பக்கம் கை வேலை. தீக்குச்சி எங்கும் தீக்குச்சிதான். ஒரு பெட்டியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது மேலே ஒட்டிய லேபிள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாக இருந்த காலத்தில் எழுத்தைவிடப் படம்தான் பேசியது. பின்னாளில் பட்டாசுக் கட்டுகளில் ஸ்டாண்டர்டின் அணிலும் காளீஸ்வரியின் சேவலும் அதே வேலையைச் செய்தன. சரக்கின் பெயரை வாசிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க முடிந்தது. லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் நாட்காட்டியையும் கையிலெடுத்தது. முருகனோ லட்சுமியோ மேலே, கடையின் பெயர் கீழே என்று அச்சடித்த தினசரிக் காலண்டர், ஜவுளிக்கடைக்காரரின் பெயரை வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஆண்டு முழுவதும் நிறுத்தி வைத்தது. சாமி படம் இருப்பதால் யாரும் அதைக் கழற்றி எறிய மாட்டார்கள். நாள் கிழமை, ராகு காலம் பார்க்கத் தினமும் அதன் முன்னே நிற்பார்கள். சிறு கடைக்கு இதைவிட மலிவான, நீடித்த விளம்பரம் கிடைப்பது அரிது.

பெயர் தெரிந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. அதற்குச் சரக்கே சாட்சி சொல்ல வேண்டும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தலைவலித் தைலமான அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியபோது, இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. இடத்தேர்வைக் கவனிக்க வேண்டும். மணிக்கணக்கில் நெரிசலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி வருவது இயல்பு. மருந்து தேவைப்படும் இடத்திலேயே மருந்து கையில் கிடைக்கிறது. பலன் அங்கேயே தெரிகிறது. இலவசமாகக் கொடுத்தார் என்பதைவிட, எங்கே கொடுத்தார் என்பதில்தான் வியாபாரியின் கூர்மை தெரிகிறது.

இந்த இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் கடலூர். மருந்துப் பொருட்களைச் சிறு பொட்டலமாக அடைத்து விற்றுவந்த சின்னி கிருஷ்ணன், கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கக்கூடியதாகத் தன் சரக்கு இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். பேதி உப்பு, முகப்பவுடர் போன்றவற்றைச் சிறு பாக்கெட்டில் விற்கலாம் என்ற அவருடைய எண்ணமே, அவர் குடும்பம் கொண்டுவந்த வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டுக்கு வழிகாட்டியது. அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்தே அந்தப் பெயரை எடுத்தார். பெட்டிக்கடையின் முகப்பில் சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட், உண்மையில் பழைய பொட்டலத்தின் வாரிசு. அளவு அதே கையளவு, விலை அதே சில்லறைக் காசு. ஆனால் அதன் மேல் செய்தவரின் பெயர் இருந்தது. வாய் ஒட்டியிருந்ததால் இடையில் யாரும் கலப்படம் செய்ய முடியாது. கடைக்காரர் நிறுக்கவோ கட்டவோ வேண்டியதில்லை, சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தால் போதும். ஏழையின் அளவும் தயாரித்தவரின் பெயரும் ஒரே உறையில் சேர்ந்தன.

அதற்குப் பிறகு ரங்கநாதன் செய்தவை சிறு வணிகர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியவை. எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். ஷாம்பு போடும் பழக்கமே இல்லாதவர் கையில் காலிப் பாக்கெட் இருக்காது. ஆகவே இலவசம் சரியாக ஷாம்பு போடுகிறவரிடம், அதிலும் இன்னொருவரின் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. செலவானது ரொக்கம் இல்லை, சொந்தச் சரக்கு. கொஞ்ச காலம் கழித்து நிபந்தனையை மாற்றி, காலிப் பாக்கெட் சிக்காக இருந்தால்தான் இலவசம் என்றார். முதல் கட்டம் ஆளை வரவழைத்தது. இரண்டாம் கட்டம் வந்தவரைத் தக்கவைத்தது. கடைக்காரரின் கொசுறை உற்பத்தியாளர் தன் கைக்குக் கொண்டுவந்த செயல் இது. கிராமங்களில் சீயக்காயும் அரப்பும்தான் போட்டி. அங்கே ஆட்களை அனுப்பி, கூட்டத்தின் நடுவே ஒரு பையனை உட்காரவைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, சுற்றி நின்றவர்களை முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரமும் செய்முறை விளக்கமும் வைத்து, முடிவில் பாக்கெட்டுகளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் நடிகை அமலா நடித்த விளம்பரம்தானே காரணம், சிறு வணிகருக்கு அது எட்டாத வழியாயிற்றே என்று கேட்கலாம். ரங்கநாதன் பின்னாளில் பேட்டியில் சொன்ன கணக்கே இதற்குப் பதில். காலிப் பாக்கெட் திட்டத்தால் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமாக ஏறியது. மல்லிகை, ரோஜா மணங்கள் வந்ததும் 30 லட்சத்தைத் தொட்டது. அமலா வந்த பிறகு ஒரு கோடி ஆயிற்று. தொகையாகப் பார்த்தால் நடிகையால் வந்த உயர்வே பெரிது. மடங்காகப் பார்த்தால் காலிப் பாக்கெட் திட்டம் விற்பனையை முப்பது மடங்குக்கு மேல் உயர்த்தியது. நடிகையின் முகம் மூன்று மடங்குக்குச் சற்றே கூடுதலாக உயர்த்தியது. அந்த முகத்துக்குச் செலவழிக்கப் பணம் வந்ததும் முந்தைய வேலைகளிலிருந்துதான். மல்லிகையைத் தேர்ந்ததிலும் பாடம் இருக்கிறது. தலைக்குக் குளித்ததும் பூ வைக்கிற ஊரில் எந்த மணம் விரும்பப்படும் என்று அறிய வாடிக்கையாளரைத் தெரிந்திருந்தாலே போதும்.

இன்னொரு மறுப்பு, அளவைக் குறைத்ததே வெற்றிக்குக் காரணம், அதை யாரும் காப்பியடிக்கலாம் என்பது. காப்பியடித்தார்கள், ஹிந்துஸ்தான் லீவர் போன்ற பெரிய நிறுவனங்களும் பாக்கெட்டில் இறங்கின. முன்னோடியான வெல்வெட் நாளடைவில் மங்கியது. பின்னால் வந்த சிக் நிலைத்தது. அளவு கதவைத் திறக்கும்; உள்ளே உட்காரவைப்பது நம்பிக்கையும் திரும்ப வரச் செய்யும் ஏற்பாடும்தான் என்பதற்கு இதுவே ஆதாரம். 1998-இல் கவின்கேர் என்று பெயர் மாறிய ரங்கநாதனின் நிறுவனம், மறு ஆண்டே சிக் பாக்கெட்டை 50 காசுக்குக் கொண்டுவந்தது. வளர்ந்த பிறகும் அது முதல் கேள்வியை விடவில்லை. ஏழை எளியோரின் சந்தையைப் பற்றி சி. கே. பிரகலாத் எழுதிய புகழ்பெற்ற ஆங்கில நூல் 2004-இல் வந்தது. அதில் பேசப்படும் சிறு பாக்கெட் வியாபாரம் கடலூரில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

சிறு பாக்கெட் ஏழையிடம் கூடுதல் விலை வாங்கும் தந்திரம் என்ற குற்றச்சாட்டும் உண்டு. பல சரக்குகளில் அது உண்மை. சில்லறையாக வாங்குகிறவர் மொத்தமாக வாங்குகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார். ஆனால் இந்தியாவில் ஷாம்பு பாக்கெட் பெரும்பாலும் புட்டியைவிட மில்லிக்கு மலிவாகவே விற்றுவந்திருக்கிறது. போட்டி கடுமையாக இருந்தால், ஏழைக்கேற்ற அளவு ஏழைக்கேற்ற விலையாகவும் இருக்க முடியும். குப்பை பற்றிய குற்றச்சாட்டோ முழுவதும் நியாயமானது. காகிதப் பொட்டலம் மண்ணோடு மக்கியது. பிளாஸ்டிக் பாக்கெட் குளத்தங்கரையிலும் சாக்கடையிலும் அப்படியே கிடக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தும் இந்தச் சிக்கல் தீரவில்லை. ஆனால் இந்த வரலாற்றிலேயே ஒரு விடை கிடக்கிறது. காலிப் பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் பரிசு என்றபோது மக்கள் கொண்டுவந்தார்கள். விற்பனையைப் பெருக்க உதவிய அந்த வழி, குப்பையைத் திரும்பச் சேகரிக்கவும் உதவும்.

சிறுதொழில் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையை மனத்தில் நிறுத்த வேண்டும். உங்கள் சரக்கை வாங்கக்கூடியவர் இன்று கையில் வைத்திருக்கும் காசுக்கு ஒரு அளவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் தொட்டு, முகர்ந்து, ருசித்துப் பார்க்க வழி செய்யுங்கள். படிக்காதவரும் அடையாளம் சொல்லிக் கேட்கும்படி ஒரு பெயரும் படமும் வையுங்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வர ஒரு காரணம் கொடுங்கள். இவற்றை முடித்த பிறகு விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். இவற்றை முடிக்காமல் ஒதுக்கும் பணம் வீண்.