ஊசிக்குக் கண் கிடைத்த கதை

1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகர ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டொக்டர் வேலை செய்தார். கையிலுள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றை இதயம்வரை கொண்டுபோகலாம் என்று அவர் நம்பினார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. கிருமிநீக்கிய உபகரணங்களோ தாதி கேர்டா டிட்சனின் பொறுப்பில் இருந்தன. பரிசோதனையைத் தன்னில் செய்யலாம் என்று அவர் சம்மதித்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிவிட்டு, தன்னுடைய இடது கையில் குழாயை ஏற்றினார்! பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், தாதி பிடித்த முகக்கண்ணாடியில் திரையைப் பார்த்தபடி குழாயை இன்னும் உள்ளே தள்ளினார்.

இதை வீரக்கதையாகவே எல்லாரும் சொல்லுவினம். 1956இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. தாதியை ஏமாற்றியதும், 1932இல் அவர் நாசிக் கட்சியில் சேர்ந்ததும் அந்த வீரக்கதைக்குள் அடங்குவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முகக்கண்ணாடி. குழாய் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் தள்ள ஏலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் குழாய்கள் வளர்ந்தன. 1953இல் சுவீடனின் செல்டிங்கர் ஒரு எளிய வழி சொன்னார்: ஊசியைக் குத்து, அதற்குள்ளால் கம்பியை விடு, ஊசியை எடு, கம்பியின் மேலால் குழாயை ஏற்று. 1973இல் புரோவியாக், 1979இல் ஹிக்மன் என்று சியாற்றில் நகர மருத்துவர்கள் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடிய குழாய்களை அறிமுகப்படுத்தினார்கள். நெஞ்சுத் தோலுக்குக் கீழால் சுரங்கம் மாதிரிப் போய்ப் பெரிய நாளத்துக்குள் நுழையும் குழாய் அது. அதைச் சுற்றியுள்ள சிறு துணிப்பட்டிக்குள் இழையம் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், கிருமியும் இலகுவில் உள்ளே போகாது.

ஆரம்பத்தில் தோலை வெட்டி, நாளத்தைக் கண்ணால் கண்டுதான் இவற்றை வைத்தார்கள். பிறகு குத்தி வைக்கும் முறை பரவியது. வெட்டு சிறிதானது, ஆனால் பார்வையும் போய்விட்டது. கழுத்துத் தசையையும் நாடித் துடிப்பையும் விரலால் தடவி, நாளம் இங்கேதான் இருக்கும் என்று ஊகித்துக் குத்த வேண்டும். எல்லார் கழுத்தும் பாடப்புத்தகப் படம் மாதிரி இருப்பதில்லை. தவறினால் பக்கத்து நாடியில் குத்தும், சிலவேளை நுரையீரலிலும்.

1978இல் ஒலி அலையால் கழுத்து நாளத்தைத் தேடும் முயற்சி வெளியானது. 1986இல் ஜப்பானில் யொனெய் குழுவினர் திரையில் நாளத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தினார்கள். விளக்கம் எளிது: ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தினால் நாளம் அமுங்கும், நாடி துடித்துக்கொண்டு நிற்கும். 2002இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம், அவசரமில்லாத வேளைகளில் கழுத்து நாளத்துக்கு இதுவே விரும்பத்தக்க முறை என்று பரிந்துரைத்தது.

எல்லாரும் கைதட்டவில்லை. மெஷினுக்குக் காசு வேணும், கைத்திறமை அழிஞ்சுபோகும், எங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே என்று மூத்தவர்கள் சிலர் எதிர்த்தார்கள். கைத்திறமை பற்றிய கவலை பொய்யில்லை, மெஷின் இல்லாத அவசரத்தில் அது உயிர் காக்கும். ஆனால் அந்த அனுபவம் யாருடைய கழுத்தில் சேர்ந்தது என்ற கேள்வியும் இருக்கு.

எங்கட வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோயோடு வாழும் விவசாயிகளை நினைத்துப் பாருங்கள். டயலிசிசுக்காகத் திரும்பத் திரும்பக் குழாய் வைத்தால் நாளங்கள் ஒடுங்கும், அடைபடும். அடுத்த முறை ஊகம் பிழைக்கும் வாய்ப்பு கூடும். பார்த்துக் குத்துவது அப்படியான ஆளுக்குத்தான் எல்லாரையும் விட அதிகம் தேவை.

மருத்துவ வரலாற்றைத் துணிந்தவர்களின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். மேசையில் படுத்திருந்தவர்களின் பக்கத்திலிருந்தும் அதை ஒருக்கா வாசிக்க வேண்டும்.