காரில் ஏற்றிச் செல்லும் வானாய்வுக்கூடம்: வீட்டிலேயே அமைக்கலாம்

செனாவாங் தாமான்களில் சாலை விளக்குகளும் தொழிற்பேட்டை வெளிச்சமும் மங்கலான நட்சத்திரங்களை மறைத்துவிடுகின்றன. தோட்டப்புறத்தில் பெற்றோர் பார்த்த இருண்ட வானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட, கட்டடமோ குவிமாடமோ தேவையில்லை. பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய சிறு கூடமே போதும்.

கைவேலையில் பிறந்தவை

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணியைத் தொடங்கியது. அதன் பாகங்கள் கொடைக்கானல் ஆய்வகத்தின் பின்கட்டில் செய்யப்பட்டவை. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டதில் காவலூருக்கும் பங்குண்டு.

அதே 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் தெருவோர வானியல் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஜான் டாப்சன். வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த காலத்திலேயே பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர் அவர். அட்டைக் குழாயும் பலகைப் பெட்டியும் கொண்ட அவரது அமைப்பே இன்றைய 'டாப்சோனியன்'.

நமக்கு ஏன் பொருந்தும்?

செனாவாங் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ளது. துருவ நட்சத்திரம் அடிவானத்தில் மறைந்துவிடும் என்பதால், அதைக் குறிவைத்து நிறுத்தும் தாங்கி இங்கே சிரமம். டாப்சோனியனுக்கு அது வேண்டியதில்லை. மேலும் கீழும், இடமும் வலமும் கையால் திருப்பினால் போதும்.

அமைக்கும் முறை

* ஆடி: 15 சென்டிமீட்டர் விட்டம், 120 சென்டிமீட்டர் குவியத்தூரம். சனியின் வளையமும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும்.
* தாங்கி: ஒட்டுப்பலகைப் பெட்டி, சுழலும் இடங்களில் டெஃப்லான் துண்டுகள்.
* மறைப்பு: பிவிசி குழாயில் 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு சட்டங்கள். கறுப்புத் துணி கட்டி, விளக்கு இருக்கும் பக்கம் 'ட' வடிவில் நிறுத்துங்கள். காற்றில் சாயாதிருக்க அடியில் மணல் மூட்டை வையுங்கள்.
* வெளிச்சம்: சிவப்புத்தாள் ஒட்டிய கைவிளக்கு. கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள்.
* பனி ஈரம்: ஆடியைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். தானாக உலரவிட்டு, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வையுங்கள்.

சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள், பார்வை பறிபோகும்.

மே மாதத்தில், மேகமில்லாத இரவு 9 மணியளவில், வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தென்சிலுவையையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். தமிழ்ப்பள்ளித் திடலோ ஆலய வளாகமோ, அனுமதி பெற்று விளக்குகளை அணைத்தால், அன்றிரவு அதுவே வானாய்வுக்கூடம்.